தம்பினில் தவறிய புருஷன்

சீனப் பெருநாளுக்குத் தோட்டத்தில் லீவு. விடியற்கால ரயிலில் லாபிஸை விட்டுப் புறப்பட்டு, மலாக்காவைப் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பலாம் என்று சின்னத்தம்பி பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். பேச்சியம்மாள் கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து தோட்டத்து லயத்தையும் கித்தா என்கிற ரப்பர்க் காட்டையும் தவிர எதையும் கண்டதில்லை.

"பறங்கிக்காரன் கட்டின பழைய மாதா கோயிலெல்லாம் அங்க இருக்கு. எனக்கு அந்த ஊரு சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. நீ மட்டும் என்னை விட்டு நகராதே, தொலைஞ்சு போயிருவே" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

தம்பின் டேசனில் வண்டி மாற வேண்டும். மலாக்கா வண்டியில் அவளை உட்காரவைத்துவிட்டு, "ஒரு வாய் கோப்பி குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று இறங்கினான். கோப்பி கொதிக்கக் கொதிக்க இருந்தது போலும். வண்டி ஊதிவிட்டு நகர்ந்தபோது, கோப்பையும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தான். எட்டவில்லை.

பேச்சியம்மாள் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மலாய்க்கார டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார். டிக்கெட் இரண்டும் சின்னத்தம்பி மடியில். லயத்து வாசலில் வாரந்தோறும் மீன்காரனோடு மல்லுக்கட்டிய மலாய்தான் அவளுக்குத் துணை. புருஷன் கோப்பியில் மயங்கித் தம்பினிலேயே தங்கிவிட்டான் என்று அந்த மலாயில் விளக்கினாள். பெட்டி முழுவதும் கொல்லென்று சிரித்தது. பரிசோதகரும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்.

எதிரே இருந்த ரோசா என்ற செரானிக்காரி, பறங்கி வம்சத்து மீனவப் பெண், அதிகமாகச் சிரித்தவள். "அடுத்த வண்டி மத்தியானந்தான். அதுவரைக்கும் டேசன்ல குந்தி அழப்போறியா? வா என்கூட" என்று மலாயில் அழைத்தாள்.

மலாக்காவில் இறங்கியதும் ரோசா தன் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பேச்சியம்மாள் பக்கத்தில் நின்று கைகூப்பினாள். பிறகு ஒல்லாந்தர் கட்டிய சிவப்புக் கோயிலைக் கடந்து குன்றேறினார்கள். மேலே கூரையில்லாத இன்னொரு பழைய மாதா கோயில். ஆளுயரக் கல்லறைக் கற்கள் சுவரில் சாய்ந்து நின்றன. கீழே கடல். கப்பலில் வந்தபோது வாந்தியிலேயே பொழுது போனதால், கடலை அவள் கண்ணாரப் பார்த்தது அன்றுதான். காற்று முந்தானையைப் பிடுங்க, ரொம்ப நேரம் நகராமல் நின்றாள்.

மத்தியான வண்டி வந்தபோது ரோசாவை அனுப்பிவிட்டு டேசனில் தயாராக இருந்தாள். சின்னத்தம்பி முகம் வெளிறி இறங்கினான்.

"அடி பாவி, உன்னை எங்கனு போய்த் தேடுறதுன்னு உயிரே போச்சு!"

"நான் எங்கயும் தொலையல. வாங்க, ஊரைச் சுத்திக் காட்டுறேன்."

சிவப்புக் கோயில் பக்கம் அவள் தயங்காமல் திரும்ப, அவன் விழித்தான்.

"ஏங்க, நெசமாச் சொல்லுங்க. இதுக்கு முன்னால இங்க வந்திருக்கீங்களா?"

"வந்தேன்... தொரை சாமானை இறக்க. டேசன் கொட்டாயோட திரும்பிட்டேன்."

பேச்சியம்மாள் நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குன்றின் மேல் இருவரும் கட்டுச்சோற்றைப் பிரித்து, கடலைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

"அந்தக் கல்லுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டான் சின்னத்தம்பி.

"அது என்னைக் கூட்டியாந்த ரோசாவுக்கே தெரியலையாம்" என்றாள் பேச்சியம்மாள், ஊறுகாயை அவன் பக்கம் தள்ளியபடி.