லைன் ஸ்டாப் மணி

என் வீட்டுக்காரர் ரகுபதிக்கு ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் லைன் லீடர் வேலை. அந்த லீடரைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். வீட்டுக்கு வந்ததும் ஐடி கார்டை மட்டும்தான் ஆணியில் மாட்டுவார்.

எங்கள் மகள் தென்றல் இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாவது படிக்கிறாள். போன வருஷ ஆண்டு விழாவில் மேடையேறி, மைக்கைப் பார்த்து, வாயே திறக்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு மியூட் என்று பேர் வைத்துவிட்டார்கள். இந்த வருஷமும் ஜூலி மிஸ் அவளையே 'என் குடும்பம்' பற்றிப் பேசச் சொல்லி, ஐந்து வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தார். "இந்த வாட்டியும் பேச்சு வரலன்னா நான் இஸ்கூலுக்கே போமாட்டேன்மா" என்று என் மகள் சொல்லிவிட்டாள். வீட்டில் பேசிப் பேசியே என் உயிரை எடுக்கிற பிள்ளை அது.

முதல் வாக்கியத்திலேயே தகராறு. "மை ஃபாதர் வொர்க் இன் எ ஃபேக்டரி" என்பாள். அப்பா ஒரே ஆள் என்பதால் 'வொர்க்ஸ்' என்று சொல்ல வேண்டுமாம். ஒரே ஆளுக்கு எதற்கு ஓர் எழுத்து அதிகம் என்று எனக்கும் விளங்கவில்லை. ஓவர்டைம் பார்க்கிறவர் என்பதால் சேர்த்துக் கொடுக்கிறார்களோ என்னவோ. செல்போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்த மனுஷரிடம் போய், பிள்ளைக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துபோவீர்கள் என்று கத்தினேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

மறுநாள் வல்லக்கோட்டை கோயில் வாசல் கடையிலிருந்து ஒரு வெண்கல மணி வந்து சேர்ந்தது. அதை ஹாலில் தொங்கவிட்டு, கயிறு கட்டி, சமையலறை வரைக்கும் இழுத்துவிட்டார். கயிறு நான் துணி காயப்போடுகிற கயிறு. பிறகு எங்கள் இரண்டு பேரையும் வரிசையில் நிற்கவைத்து, ஷிஃப்ட் ஆரம்பத்தில் பேசுகிற குரலில் பேசினார்.

"தப்பு யார் கண்ணுல பட்டாலும் கயித்த இழுக்கணும். இழுத்தா லைன் ஸ்டாப். எல்லா வேலையும் நின்னுடணும். இழுத்தவங்கள யாரும் திட்டக் கூடாது. லீடர் ஓடியாந்து தேங்க்ஸ் சொல்லணும். சரி பண்ற வரைக்கும் பக்கத்துலயே குந்தணும்."

கம்பெனியில் இது நடக்கிற விஷயம்தான். கல்யாணத்துக்கு முன்னால் நானும் செல்போன் கம்பெனியில் நின்றவள். எப்போதாவது லைன் நின்றால் வேலை கெட்டுப்போச்சே என்று யாரும் அழ மாட்டோம். அப்பாடா என்று உட்கார்ந்துகொள்வோம்.

வீட்டில் தென்றல் முதல் மணியை அடித்தபோது தோசை கல்லில் இருந்தது. அடுப்பை அணைக்கச் சொன்னார். வாக்கியம் சரியானது. தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கரண்டிக்கு வர மறுத்தது. இரண்டாவது மணிக்கு மிக்ஸியை நிறுத்தினேன், சட்னி பாதியில் நின்றது. மாடி வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் தீபாராதனை நடக்கிறது என்று நினைத்து, மணி கேட்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு செல்வமேரி அக்கா மணி அடிக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே காலை வைத்துவிட்டார். லைன் நிற்கும்போது யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று அவரையும் உட்காரவைத்தார் என் வீட்டுக்காரர். அக்காவின் வீட்டில் குழம்பு தீய்ந்தது. அதற்கப்புறம் கறிவேப்பிலையைக் கடையிலேயே வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு செய்தும் தப்பு குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. வாயைத் திறந்தால் தப்பு, மணி, அப்பா. செல்போனைப் போட்டுவிட்டு ஓடி வருவார், தேங்க்ஸ் சொல்லுவார், சம்மணம் போட்டு உட்காருவார். அந்த வாக்கியம் சரியாகி அடுத்ததற்குப் போவதற்குள் மறுபடி மணி. ஒருநாள் குளிக்கும்போது அவள் ஐந்து வாக்கியத்தையும் கடகடவென்று சரியாகச் சொன்னதுபோல் எனக்குக் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் என் காதுதான் ஏமாந்தது என்று விட்டுவிட்டேன்.

விழா நாளும் வந்தது. மேடையில் ஒரு பக்கம் மாலையும் சால்வையுமாக வார்டு கவுன்சிலர். நடுவில் மைக். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தென்றல் மைக் முன்னால் வந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். முன்வரிசைப் பொடிசுகள் "மியூட்டு, மியூட்டு" என்று ஆரம்பித்தன. முருகா, ஒரே ஒரு வார்த்தை வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"மை ஃபாதர் வொர்க்..." என்றாள். அப்பாவைத் தேடினாள். அவ்வளவு தலைகளில் அவர் தெரியவில்லை. பிறகு அவள் கண் மேடை ஓரத்தில் தொங்கிய ஒரு கயிற்றின் மேல் போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கத்துவதற்குள் இழுத்துவிட்டாள். அது திரைக் கயிறு. அந்தத் திரையைக் கட்டியவன் என்ன அவசரத்தில் கட்டினானோ, மூங்கிலோடு சேர்ந்து மொத்தமும் பொத்தென்று விழுந்தது. தென்றலைக் காணோம், மைக்கைக் காணோம், கவுன்சிலரைக் காணோம். சிவப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, வாக்குக் கேட்கிற பழக்கத்தில் எங்களைப் பார்த்து ஆட்டியது.

எல்லாரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே ஆள் ஓடினார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு, கம்பெனி ஷூவோடு மேடையேறித் திரைக்குள் புகுந்தார். மைக் மட்டும் உயிரோடு இருந்தது. அதில் என் வீட்டுக்காரர் மூச்சு வாங்குகிற சத்தம் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

"தேங்க்ஸ்" என்றார் முதலில். பிறகு, "இன்னா ப்ராப்ளம் பாப்பா?"

"ஒண்ணும் இல்லப்பா. சும்மா குந்து."

அவர் உட்கார்ந்தார் என்று பலகை முனகியதில் தெரிந்தது. அதற்கப்புறம் துணிக்குள்ளிருந்து வந்தது என் பெண்ணின் குரல். "மை ஃபாதர் வொர்க்ஸ் இன் எ ஃபேக்டரி" என்று ஆரம்பித்து, ஒரு இடத்தில்கூடத் தட்டாமல், குளியலறையில் சொன்ன அதே வேகத்தில் போனாள். 'மை ஃபாதர் லவ்ஸ் மீ' என்பதுதான் மிஸ் எழுதிக் கொடுத்திருந்த கடைசி வாக்கியம். அதை மட்டும் அவளாக மாற்றிக்கொண்டாள்.

"மை ஃபாதர் சிட்ஸ் வித் மீ."

அப்பா என்னோடு உட்காருவார். முதலில் கை தட்டியது ஜூலி மிஸ். பிறகு பொடிசுகள். கவுன்சிலரும் உள்ளேயிருந்து தட்டியிருப்பார், அவருக்கு அப்போது ஒரு கைதான் காலியாக இருந்தது. நான் தட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் அவளை யாரும் மியூட் என்று கூப்பிடுவதில்லை. திரை என்கிறார்கள், அதில் அவளுக்குப் பெருமைதான். மணியைக் கழற்றிவிடலாமா என்று போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு செல்போனோடு படுத்துவிட்டார். நான் பாத்திரம் தேய்த்த கையோடு போய்க் கயிற்றை இழுத்தேன். மாடியில் கன்னத்தில் போடுகிற சத்தம் கேட்டது. அவர் ஓடி வந்து அடுப்பைப் பார்த்தார், மிக்ஸியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தேங்க்ஸ்" என்றார், பழக்க தோஷம். "இன்னா தப்பு?"

"ஒண்ணும் இல்ல" என்றேன். "சும்மா குந்துங்க."