ஒரு வெள்ளிச் சம்பளம்

ரவாங்கில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரிக்கு மவுரீன் எதற்கு வந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மகனுக்கு ஒரு வெள்ளி சம்பளம் போடச் சொல்லிக் கேட்க வந்தாள். ஆயிரம் இல்லை, நூறு இல்லை, மலேசியக் காசில் ஒரே ஒரு வெள்ளி. சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். அந்த ஒரு வெள்ளியில்தான் அவள் மகன் ஜாரெட்டின் வலது கால் மாட்டிக்கொண்டிருந்தது.

ஜாரெட் அந்தக் கல்லூரியின் காற்பந்து ஆட்டக்காரன். சாதாரண ஆட்டக்காரனா? கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆள் உயரத்துக்கு மேலே ஒரு விளம்பரப் பலகை நிற்கிறதே, அதில் பந்தை உதைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறவன் அவன்தான். பையன்களே, பெண்களே, எங்கள் கல்லூரிக்கு வாருங்கள் என்று கூப்பிடுகிறான். மவுரீன் மீன் வாங்கப் போனாலும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். பக்கத்தில் யார் நின்றாலும், சீனக் கிழவியாக இருந்தாலும், "நம்ம பையன்லா" என்பாள். படத்துக்கும் ஆட்டத்துக்குமாகக் கல்லூரி அவனுக்குக் கொடுத்தது படிப்புக் கட்டணச் சலுகை, விடுதியில் ஒரு கட்டில், மத்தியானச் சோறு. கையில் சல்லிக்காசு கிடையாது.

முன்பெல்லாம் வார இறுதியில் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகுத் துறையில் மிதவைச் சட்டை மாட்டிவிடுவான். கைச்செலவுக்கு ஆயிற்று. பயிற்சியாளர் செல்லன் அதை நிறுத்திவிட்டார். உடம்பு களைத்துவிடுமாம், சனி ஞாயிறுதான் ஆட்டமாம். விடியலில் ஓட்டம், பகலில் வகுப்பு, சாயங்காலம் பயிற்சி. காரணமில்லாமல் வராமல் போனால் சலுகை ரத்து. ராத்திரி பசித்தால் பையன் மெகி மீ நூடுல்ஸை ஊறப்போட்டுத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வான். அம்மாவிடம் சொல்ல மாட்டான், அவ்வளவு ரோஷம்.

அப்புறம் செகிஞ்சானில் ஒரு ஆட்டம். கொட்டுகிற மழை, திடல் பூராவும் சேறு. திரும்பும்போது முட்டி தனியாகவும் கால் தனியாகவும் போனது. 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்டதாக ஜாரெட் சொன்னான். செல்லன் ஓடிவந்து மருந்தை அடித்து, பட்டையைச் சுற்றி, "கொஞ்ச நேரம்தான்டா, தாக்குப் பிடி" என்று மறுபடி இறக்கிவிட்டார். பாவிப் பையன் தாக்குப் பிடித்தான். கல்லூரி ஜெயித்தது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் படம் எடுத்தபோது ஜாரெட் பேருந்தின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டது என்றார் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர். அறுவை செய்ய வேண்டும். உள்ளே வைக்கிற சாமானை வெளியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்து ஆயுசுக்கும் நொண்டுவான். கல்லூரி கட்டிவைத்த மாணவர் காப்புறுதிப் பணம் கட்டுப் போட்டதோடு தீர்ந்துபோனது. டாக்டர் போகிற போக்கில் ஒன்று கேட்டார்: "சொக்சோ இருக்கா?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் மவுரீனுக்கு உயிர் வந்தது. அவள் வீட்டில் இயேசுவுக்கு அடுத்தபடி சொக்சோதான். புருஷன் அமலதாஸ் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்து, இயந்திரத்தில் வலது கையைக் கொடுத்தவன். வேலையில் அடிபட்டவனுக்கு அரசாங்கம் கொடுக்கிற அந்தப் பணத்தில்தான் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது. ஆட்டத்தில் அடிபட்ட மகனுக்கும் அது கிடைக்காமலா போகும்? அவள் நியாயத்தில் தப்பு இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

சொக்சோ கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்லவள். உட்கார வைத்துக் கேட்டாள், "காஜி பெராப்பா, மக்சிக்?" சம்பளம் எவ்வளவு, அம்மா என்று. சம்பளம் இல்லை என்றாள் மவுரீன். அந்தப் பெண் கையை விரித்தாள். சம்பளம் கொடுத்தால்தான் முதலாளி, முதலாளி இருந்தால்தான் தொழிலாளி, இவன் மாணவன்தானே என்றாள். மவுரீன் எழுந்திருக்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அந்தப் பெண் மனசு கேட்காமல், "ஒரு வெள்ளியாவது சம்பளமென்று கொடுத்திருந்தால் நான் மேலே கேட்டுப் பார்ப்பேன், மக்சிக்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு அது. மவுரீன் அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு ரவாங்குக்கு வந்துவிட்டாள்.

ஜாரெட்டை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். கைத்தடிகள் இரண்டையும் சுவரில் சாய்த்தாள். "நீ பேசாம இரு ராசா, நான் வாங்கிட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள்.

உள்ளே யோகேந்திரன் இருந்தார். விளையாட்டுப் பிரிவுக்குத் தலைவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் அப்பா தர்மலிங்கம் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மகன் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று நாற்காலி காட்டினார், தண்ணீர் வரவழைத்தார்.

"ஒரு வெள்ளியாம்மா?" அவருக்குப் புரியவில்லை.

"ஒரே ஒரு வெள்ளி சார். எம்பையனுக்கு மாசம் ஒரு வெள்ளி சம்பளம் குடுத்தோம்னு சொல்லுங்க. அந்தக் காசக்கூட நானே தர்றேன்."

யோகேந்திரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நடக்காதத நடந்ததா சொல்லச் சொல்றீங்க. எனக்கு வேல போயிடும்மா."

"எது சார் நடக்கல? காலையில ஓடுனான். மழையில ஆடுனான். செல்லன் சாரு எறங்குன்னா எறங்குனான், ஏறுன்னா ஏறுனான். வேல நடந்துச்சு சார். சம்பளம் மட்டும்தான் நடக்கல."

"ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் குடுத்தோமே. அதுவும் ஒரு சம்பளம்தானேம்மா."

"அப்போ அதையே சம்பளம்னு சொல்லிருங்க!" மவுரீன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அத சொன்னாக்கூட போதும் சார்."

தான் விரித்த வலையில் தானே விழுந்துவிட்டது யோகேந்திரனுக்கே தெரிந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "இவனுக்குச் சம்பளம்னா பேட்மிண்டன் பிள்ளைங்களுக்கும் குடுக்கணும், ஹாக்கிக்கும் குடுக்கணும். அப்புறம் இது காலேஜ் இல்லம்மா, கிளப். இங்க பசங்க ஆசைக்கு விளையாடுறாங்க."

"ஆசைக்கு ஆடுறவன் இன்னிக்கு முடியலன்னு வீட்டுல படுத்துக்கலாம்ல சார்? எம்புள்ள படுத்தா ஃபீஸ் கட்டுன்னுல்ல சொன்னீங்க! படகுத் தொறையில ரெண்டு காசு பாத்துக்கிட்டு இருந்தான், அதையும் நிறுத்துனீங்க. எங்க தோட்டத்துல வேல வாங்குற மண்டோருகூட முடியாதவன் ஒரு நாள் ஒக்காரட்டும்னு விட்டுருவாரு சார்."

யோகேந்திரன் திரும்பினார். கோபம் இல்லை, வருத்தம்தான். "அம்மா, இதச் சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன். இவன் சேர வந்தப்ப நான் என்ன சொன்னேன்? விளையாட்டு மண்டபத்துல பகுதிநேர உதவியாளா பேர் போட்டுக்கலாம், கொஞ்சம் சம்பளம் வரும், சொக்சோவும் பிடிப்போம்னு சொன்னேன்லா. யார் வேணாம்னது?"

மவுரீனின் முகம் செத்துப்போனது. வேண்டாம் என்றது அவள்தான். இதே அறையில், இதே நாற்காலியில், கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னாள்: "எங்க தாத்தா கூலி, அப்பா கூலி, எம்புருஷன் கூலி. எம்புள்ள படிக்க வந்திருக்கான், கூலிக்கு வரல. அவன ஸ்டூடன்ட்னு மட்டும் போடுங்க." சொல்லிவிட்டு அன்று நிமிர்ந்து நடந்து போனாளே, ராணி தோற்றுவிடுவாள். தோட்டத்து லயத்துக்குத் திரும்பி வீடு வீடாக லட்டு கொடுத்தாள். 'கூலி' என்ற ஒரு வார்த்தை மகன்மேல் ஒட்டக்கூடாது என்று பார்த்தவள், அந்த வார்த்தை கூடவே கொண்டுவருகிற காவலையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். கை போன புருஷனுக்குச் சோறு போடுவதே அந்தக் கூலிப் பேர்தான் என்பது அன்று அவள் மண்டையில் உறைக்கவில்லை.

"நான்தான் சார்," என்றாள். "நான் முட்டாள் பொம்பள. புத்தியில்லாம சொல்லிட்டேன். இப்ப கேக்குறேன், அவனக் கூலின்னு போடுங்க. கக்கூசு கழுவுறவன்னு போடுங்க. தோட்டக்காரன்னு போடுங்க. என்ன வேணும்னாலும் போடுங்க சார், ஆனா அவன் சேந்த அன்னிலருந்து போடுங்க."

நாற்காலியிலிருந்து நழுவி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். யோகேந்திரன் பதறிப்போய், "ஐயோ, எந்திரிங்கம்மா, ப்ளீஸ்" என்று தோளைப் பிடித்துத் தூக்கினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கலங்கி என்ன செய்ய? இந்தப் பருவம் முடிந்ததும் ஜாரெட் விடுதியைக் காலி செய்ய வேண்டும், ஆடாதவனுக்குச் சலுகை இல்லை. அந்த முடிவு மேலிடத்தில் எடுத்தாகிவிட்டது, அதையும் அவரே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

மவுரீன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். யோகேந்திரன் பர்ஸைத் திறந்து, இருந்த ஐம்பது வெள்ளி நோட்டுகளை எல்லாம் உருவி அவள் கையில் வைத்தார்.

"இது காலேஜ் காசு இல்லம்மா. என் சொந்தக் காசு."

மவுரீன் நோட்டுகளைப் பார்த்தாள். "இத சம்பளம்னு சொல்லிருங்க சார்."

"அம்மா..."

"வாயால சொன்னாப் போதும் சார். ஒரு வார்த்த."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உதவின்னு வெச்சுக்குங்க" என்றார். நூற்றுக்கணக்கில் கொடுக்க முடிந்த மனிதருக்கு ஒரு வெள்ளி கொடுக்க முடியவில்லை.

சினிமாவாக இருந்தால் தாய்க்காரி இந்த இடத்தில் நோட்டை விசிறி அடித்திருப்பாள். மவுரீன் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பையனுக்கு வலி மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டில் அரிசியும் அடிமட்டத்தில் கிடந்தது. ரோஷப்பட அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

வெளியே ஜாரெட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கையை ரவிக்கையிலிருந்து எடுப்பதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"குடுத்துட்டாங்களாம்மா?"

"குடுத்தாங்கடா."

"நான்தான் சொன்னேன்ல, யோகேந்திரன் சார் ஓகேலா. வாங்க, வாங்க, சொக்சோ ஆபீஸ் மூடறதுக்குள்ள போயிடலாம்." கைத்தடிகளை அவசரமாக இழுத்து அக்குளில் சொருகிக்கொண்டு, பல்லைக் கடித்து எழுந்து, கேட்டைப் பார்த்துத் தத்தித் தத்திப் போக ஆரம்பித்துவிட்டான்.

"நில்லுடா ராசா," என்று கத்தினாள் மவுரீன். "ஓடாத. அது சம்பளம் இல்லடா. பிச்சை."