சந்தனம் வைத்த தட்டு

மாநாட்டின் இரண்டாம் நாள், காலைத் தேநீர் இடைவேளையில், கையில் பாதி கடித்த கறிபாப்போடு நின்றபோதுதான் நான் செய்த காரியம் எனக்குத் தெரியவந்தது.

மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடி. மரபணு ஆய்வாளர்கள் முந்நூறு பேர் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏர்கான் குளிரில் நடுங்கினார்கள். என் அட்டையில் ‘வாசுகி, தரவுப் பகுப்பாய்வு’ என்று இருந்தது. புற்றுக்கட்டியிலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டில் எந்த இடத்தில் எந்த உயிரணு உட்கார்ந்திருக்கிறது என்று கணினியில் வரைபடம் போடுவது என் வேலை. பெர்மாஸ் ஜெயாவில் என் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பொறுத்தவரை நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவள்.

அன்று காலை பேசிய ஒரு பெண்மணி எங்களைக் கொஞ்சம் கேலி செய்தார். “உங்கள் நோயாளிகளில் ஆண் யார், பெண் யார் என்றாவது தெரியுமல்லவா? ஆண்களிடம் மட்டும் இருக்கும் மரபணுக்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் யாரும் செய்வதில்லை” என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்த வாயோடு இடைவேளைக்கு வெளியே வந்து, மடிக்கணினியைத் திறந்து, எங்களுடைய பழைய ஸ்லைடு ஒன்றில் அதைத் தேடினேன்.

அது ஒரு கண்ணாடித் தகடு. வரிசையாக நாலு சன்னல். ஒவ்வொன்றிலும் ஒரு குடல் புற்றுநோயாளியின் துண்டு. முதல் சன்னல் லாபிஸ் ஊர்ச் சந்திரமதி. நாலாவது செடெனாக் ஊர் மனோகரன். சந்திரமதியின் படம் முழுக்க ஆண் மரபணு மின்னியது. மனோகரனின் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

தகடு திரும்பிப் போயிருக்கிறது. முதலாவதை நாலாவது என்றும், நாலாவதை முதலாவது என்றும் கணினி படித்திருக்கிறது. நடுவில் இருந்த இரண்டும் மாறித்தான் போயிருக்கும், ஆனால் அவற்றின் படங்கள் ஒன்றுபோல இருந்ததால் அவர்களுக்கு மருந்து மாறவில்லை.

உடம்பின் காவல் அணுக்கள் கட்டிக்குள் புகுந்திருந்தால், இன்னும் சோதனையில் இருக்கும் ஒரு புது மருந்து கேட்கும். வெளியிலேயே நின்றுவிட்டால் கேட்காது, கெடுதலும் செய்யலாம். எங்கள் படத்தைப் பார்த்து மனோகரனுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். மூன்றாவது ஊசியோடு ஈரல் கெட்டு, மார்ச் மாதம் செத்துப்போனார். சந்திரமதிக்கு மருந்து இல்லை என்றார்கள். ஆபீசில் தமிழ் பேசுகிறவள் என்று என்னைத்தான் போனில் சொல்லச் சொன்னார்கள். “அப்ப எதுக்குமா என் குடல வெட்டி எடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பாவம், அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பு எட்டு மாதமாக என் காதிலேயே இருக்கிறது.

தகட்டை யார் திருப்பினார்கள் என்று கண்டுபிடிக்க நான் அதிகம் தேடவில்லை. போனில் படம் இருந்தது. போன அக்டோபரில் ஆயுத பூசை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் நாலைந்து இந்தியர்கள் சேர்ந்து மேசையில் சரஸ்வதி படம் வைத்து, மெஷின்களுக்குப் பொட்டு வைத்தோம். நான் ஒரு படி மேலே போய், மறுநாள் மெஷினில் ஏற்ற வேண்டிய தகட்டைத் தட்டோடு எடுத்து வந்து சாமி முன்னால் வைத்தேன். மெழுகில் பதப்படுத்திய துண்டுகள், ஒரு நாள் வெளியே இருந்தால் கெடாது. நாலு பேர் உயிர் அதில் இருக்கிறதே, கும்பிடாமல் எப்படி? தட்டின் முகப்பு சாமியைப் பார்க்க வேண்டும் என்று திருப்பி வைத்தேன். மூலையில், சரியாக முன்பக்கக் குறியின் மேலேயே, பட்டையாகச் சந்தனம் வைத்தேன். எல்லாம் போட்டோவில் தெளிவாக இருந்தது. பக்கத்தில் நான் பட்டுப் புடவையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் தட்டை ஏற்றியவன் ஆய்வுக்கூடத்துச் சீனப் பையன் லிம். அவனைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். குறியை மறைத்த சந்தனத்தைத் துடைக்க மனம் வரவில்லையாம். உங்கள் சாமிக்கு வைத்தது, நான் கை வைத்தால் தப்பாகிவிடுமோ என்று இருந்த திசையிலேயே உள்ளே தள்ளினேன் என்றான். எங்கள் பழைய மெஷின் எந்தப் பக்கம் தள்ளினாலும் வாங்கிக்கொள்ளும். அந்த மரியாதைக்கு அவனை நான் எப்படிக் கோபிப்பது? எனக்கு அழுகை வந்தது. கறிபாப்பைக் குப்பையில் போட்டேன்.

எங்கள் இயக்குநர் டாக்டர் சொக்கநாதன் மேடைக்குப் பக்கத்தில் இருந்தார். செட்டிநாட்டு வேரோடு வந்த குடும்பம். பேச்சு நிதானம், சட்டை மடிப்பு அதைவிட நிதானம். மடிக்கணினியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

“யார்ட்டயாச்சும் சொன்னியா?”

“இன்னும் இல்ல டாக்டர்.”

“அப்ப விடு. அரை மணி நேரத்துல நான் பேசணும். மாநாடு முடிஞ்சதும் மறுபடி டெஸ்ட் பண்ணுவோம். ரெண்டு வாரம் ஆவும். ப்ராப்பரா செய்வோம்.”

“அந்த மருந்துக்கு வெள்ளிக்கிழமையோட ஆள் சேக்கறத நிறுத்துறாங்க. இன்னிக்குப் புதன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு ஆளு செத்திருக்காரு வாசுகி. அவங்க குடும்பம் சும்மா இருக்குமா? உன் பேருதான் மொதல்ல வரும்லா.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாகவே பேசினார். சந்திரமதியின் எண் போட்ட படம் திரையில் வந்தபோது, நிறம் அழகாக இருந்ததால், பலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அது செத்துப்போன மனோகரனின் குடல். எனக்கு முன்னால் இருந்தவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினான். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடித்தேன். படத்தில் இருப்பவர் வேறொருவர், தட்டைத் திருப்பி வைத்தவள் நான், அதனால் ஒருவருக்குத் தவறான மருந்து போயிருக்கிறது, இன்னொருவருக்குச் சரியான மருந்து போகவில்லை என்று சொன்னேன். தலைமை தாங்கியவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு, எல்லோரையும் சாப்பிடப் போகச் சொன்னார்.

சொக்கநாதன் என் பக்கம் திரும்பவே இல்லை. வந்தவர் டாக்டர் நோராய்னி. அந்த மருந்துச் சோதனையை நடத்துகிறவர். என் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். மறுபரிசோதனையை நாளைக்கே வைத்துக்கொள்ளலாம், கையெழுத்தெல்லாம் நான் வாங்குகிறேன், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்த அம்மா வரட்டும் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். “ஒன்று மட்டும் என் கையில் இல்லை. சொந்தக் காலில் நடந்து வரவேண்டும், மருந்தைத் தாங்கும் தெம்புக்கு அதுதான் அளவு. சக்கர நாற்காலியில் வந்தால் சேர்க்க மாட்டார்கள்.”

லாபிசுக்குப் போன் போட்டேன். மகள் சாந்தினி எடுத்தாள். “அம்மா படுத்திருக்காங்க அக்கா. எழுந்திரிச்சு மூணு வாரம் ஆச்சு.”

“அவங்கட்ட குடு.”

சந்திரமதியின் குரல் மெலிந்திருந்தது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. சாமி, சந்தனம், தட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். “தப்பு என்னோடதுக்கா” என்றேன். அவர் வீட்டுக்குப் பின்னால் ரயில் ஒன்று நீளமாகப் போய் முடிவது கேட்டது.

“அந்த மருந்து எனக்குக் கேக்குமா?”

“கேக்க வாய்ப்பு நெறைய இருக்குக்கா. நிச்சயமா சொல்ல முடியாது.”

“சரி, ஒன்ன அப்புறமா ஏசிக்கிறேன். எத்தன அடி நடக்கணும்?”

மருத்துவரின் அறையை மனதில் அளந்தேன். “கதவுலருந்து நாற்காலி வரைக்கும். இருபது அடி இருக்கும்.”

“யாரயாச்சும் புடிச்சிக்கலாமா?”

“கூடாதுக்கா.”

“சாந்தினி, போன அங்கிட்டு வச்சிட்டு வா. என்ன நிக்க வையி. வச்சிட்டுக் கைய விட்டுரு.”

கட்டில் கிரீச்சிட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். நாசி பிரியாணித் தட்டோடு என்னைக் கடந்து போனவர்கள் எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“ஒண்ணு.”

மூச்சு வாங்கும் சத்தம்.

“ரெண்டு... மூணு.”

நாலுக்கு வெகுநேரம் ஆனது. ஐந்தும் வந்தது. ஆறு வரவில்லை. ஏதோ விழுந்து உருண்ட சத்தம். “அம்மா” என்று சாந்தினி அலறினாள். நான் போனுக்குள் அக்கா, அக்கா என்று கத்தினேன். யாரும் எடுக்கவில்லை. மகள் அழுவது மட்டும் கேட்டது.

பிறகு தரையிலிருந்து அந்தக் குரல் வந்தது. “அழுவாத. தூக்கு என்ன. மொதல்லருந்து.”

மறுபடி கட்டில் கிரீச்சிட்டது.

“ஒண்ணு” என்றார் சந்திரமதி.