மூக்கைப் பிடித்து ஊதினவன்

காலைக் கஞ்சியை ஒரு மடக்குக் குடித்தால் பாதி மரியதாசின் மூக்கு வழியே ஒழுகியது. பெண்டாட்டி மிக்கேலம்மாள் பார்த்துவிட்டாள்.

"இது எத்தன நாளா நடக்குது?"

துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

இரண்டு மாதமாக நடக்கிறது. அதற்குமுன் பல்வலி என்று, சந்தையில் பாய் விரித்துப் பல் பிடுங்குகிறவனிடம் மேல் கடைவாய்ப் பல்லைக் காட்டினான். அவன் முன்னால் ஒரு கூடைப் பல். கூடை நிறைந்தால் வைத்தியனாகிவிடுவானா? பல்லோடு எலும்பும் பெயர்ந்து வந்தது. வாய்க்கும், கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கும் நடுவே ஓட்டை விழுந்து சீழ் வைத்தது. மரியதாஸ் சங்கு குளிக்கிறவன், கடலில் முங்கிச் சங்கெடுப்பதுதான் பிழைப்பு. முங்கினால் மண்டை பிளந்தது, மூச்சு அடங்கவில்லை. தெரிந்தால் தோணியில் ஏற்றமாட்டார்கள் என்று மறைத்தான்.

மிக்கேலம்மாள் விடவில்லை. பாம்பனில் ரயிலேற்றி மதுரைக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் சீழைக் கழுவினார்கள். பிறகு டாக்டர் கன்னத்து உள்சதையை இழுத்து ஓட்டையை மூடித் தைத்தார்.

"ரெண்டு வாரம் மூக்கச் சிந்தாத. பீடி கூடாது. தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மு."

தையல் போட்ட நாலாம் நாள் ஊர்க்காரன் ஒருவன் வந்து, வருகிற திங்கட்கிழமை சங்கு குளிப்பு தொடங்குகிறது என்று சொன்னான். அதற்குப்பின் கட்டில் முள்ளாய்க் குத்தியது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். ஓட்டை அடைபட்டதா, இல்லையா? பார்த்துவிட வேண்டும். முங்குகிறவன் காதடைப்பு எடுக்கச் செய்வதைச் செய்தான். மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடி, ஊதினான்.

தையல் விட்டது. வாயெல்லாம் ரத்தம்.

"என்னய்யா செஞ்ச?" என்றார் டாக்டர்.

"தும்மல் வந்துச்சுங்கய்யா."

"பொய்யிங்கய்யா. மூக்கப் பிடிச்சு ஊதுனாரு. நான் பாத்தேன்," என்றாள் மிக்கேலம்மாள்.

"நல்லவேள சொன்னீங்கம்மா. தும்மல்னு நம்பி மறுபடி தச்சிருப்பேன், இவரும் மறுபடி ஊதியிருப்பாரு. புண்ணு ஆறட்டும். அப்புறம் அண்ணத்துச் சதையத் திருப்பித் தைக்கணும். யோவ், இந்த வருசம் நீ கடல மறந்துடு."

இரண்டாம் தையலுக்குப்பின் அவன் கையை மூக்குப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஆறிற்று. மிக்கேலம்மாளோடு ஊர் வந்தபோது சங்கு குளிப்பு முடிந்து தோணிகள் கரையேறிக் கிடந்தன. அவனோடு முங்குகிற கில்பர்ட் வீங்கிய கன்னத்தோடு சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போ மச்சான்."

"ஓட்ட மூக்கன் புத்தி சொல்ல வந்துட்டான்," என்று கில்பர்ட் சிரித்தான்.

"சிரிச்சுக்க. ஓட்டைய மறைச்சேன், சீழ் வச்சுச்சு. ஊதுனத மறைச்சேன். இவ மட்டும் சொல்லலேன்னா ஆயுசுக்கும் கடலு போயிருக்கும். பல்லக் கொண்டுபோயி சந்தையில குடுக்காத. டாக்டருகிட்டப் போ, செஞ்சத அப்படியே சொல்லு. வெக்கம் எந்தப் புண்ணையும் ஆத்தாது மச்சான்."