கயிற்றுக்கு இந்தப் பக்கம்

எங்கள் விடுமுறையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆகஸ்டு மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்து, பல் கிடுகிடுக்க ஐஸ்கிரீம் தின்பது எல்லாருக்கும் வராது. அதற்கென்று ஒரு மனசு வேண்டும். என் தங்கை லின்னெட்டுக்கு அது கிடையாது. வருஷா வருஷம் ஸ்பெயினுக்குப் பறந்து போய், நீச்சல் குளத்தின் ஓரத்தில் வெந்த இறால் மாதிரி சிவந்து கிடப்பாள். அங்கிருந்தே எனக்கு ஃபோன் போடுவாள்.

"இன்னும் அந்த மார்ஸ்பியேதானா அக்கா? உனக்கே அலுக்கலையா?"

மார்ஸ்பியேதான். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் எங்கள் தெருமுனையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடல். மேட்டின் மேல் ஒரு வாரத்துக்கு வாடகைக் கேரவன், தகரக் கூரையில் மழைச் சத்தம், வினிகர் ஊற்றிய சிப்ஸ். பகலெல்லாம் கடற்கரை. மணலை அலை அரிக்காமல் இருக்க மரக்கட்டைகளைச் சுவர் போல நட்டு வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில்தான் எங்கள் இடம். கல்யாணமான வருஷத்திலிருந்து அங்கேதான் உட்காருகிறோம். இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க், முட்டை சாண்ட்விச், காற்றை மறைக்கக் கோடு போட்ட துணித் தட்டி. தட்டியின் கழிகளை மணலில் அடித்து இறக்க ஒரு மரச் சுத்தியல். அந்தச் சுத்தியலைக் கையில் எடுத்தால் மட்டும் என் புருஷன் நெவில் ராஜா.

மற்ற நேரத்தில் அவனைப் போல நகர்ந்து கொடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. பஸ்ஸில், கடையில், டாக்டர் வீட்டு வரிசையில் யாராவது லேசாகக் கனைத்தால் போதும், "மன்னிச்சுக்குங்க" என்று ஒதுங்கிவிடுவான். காலை மிதித்தவனிடமும் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். எங்கள் கல்யாண போட்டோவில் பாதி நெவில்தான் இருக்கிறான். மீதிப் பாதியை என் சித்தப்பா நிற்பதற்காக நகர்ந்து கொடுத்துவிட்டான். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் முதல் நாள் காலை சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். எங்கள் இடத்தைச் சுற்றி வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே வரிசையாக மெத்தை போட்ட சாய்வுக் கட்டில்கள், வைக்கோல் குடைகள். கடற்கரைச் சாலையில் பல வருஷம் பூட்டிக் கிடந்த ஹோட்டலை யாரோ லண்டன்காரர்கள் வாங்கிவிட்டார்களாம். எதிரே இருக்கிற மணலையும் நகரசபை அவர்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டதாம். கடல் ஏறும்போது எதுவரை தண்ணீர் வருமோ அதுவரை கயிறு. காய்ந்த மணல் அவர்களுக்கு, ஈரம் எங்களுக்கு.

ஹோட்டல் ஆள் ஒருவன் வந்தான். டோபி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தான். நல்ல பையன், சிரித்த முகம். அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், இது ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு மட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஐயோ, மன்னிச்சுக்கப்பா," என்றான் நெவில். கயிற்றுக்குக் கீழே, ஈர மணலுக்கு நகர்ந்தோம். அவன் சுத்தியலை எடுத்துத் தட்டியை நட்டான். நான் தேநீரை ஊற்றினேன். ஒரு வாய் குடிப்பதற்குள் டோபி மறுபடி வந்து நின்றான்.

"சார், இந்தத் துணி... உள்ள இருக்கறவங்களுக்குக் கடல் தெரிய மாட்டேங்குதாம்."

நெவில் எழுந்தான். அவன் கை கழியின் மேல் போனதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நெவில், வேணாம்."

"விடு மாரியன், பாவம் அந்தப் பையன். அவன் வேலை அது."

பிடுங்கிச் சுருட்டிவிட்டான். வடக்கிலிருந்து வந்த காற்று நேராக என் காதுக்குள் புகுந்தது. சாண்ட்விச்சில் பாதி மணல். எங்களுக்குச் சற்றுத் தள்ளி, பிராட்ஃபோர்டிலிருந்து வருஷம் தவறாமல் வருகிற நசீமா அக்தர் குடும்பமும் தட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அப்பால் இன்னும் நாலைந்து குடும்பம். எல்லாரும் ஒருவருக்கொருவர் முணுமுணுத்தார்கள், தலையை ஆட்டினார்கள், கண்ணை உருட்டினார்கள். டோபியிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னவர் யாருமில்லை. இதுதான் எங்கள் ஜனம்.

நான் சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் மனசாரச் சொன்னேன்.

"இதோ பாரு நெவில். இன்னொரு தடவை நீ நகர்ந்தா, இதுதான் நமக்குக் கடைசி வருஷம். அடுத்த ஆகஸ்டுல நான் லின்னெட்டோட ஸ்பெயினுக்குப் போறேன். நீ வேணா வீட்டுல இருந்து யாருக்காச்சும் இடம் விட்டுக் குடு."

"நிஜமாவா சொல்றே?"

"நிஜமாத்தான்."

அவன் சாண்ட்விச்சிலிருந்து மணலை ஊதி ஊதித் தின்றான். எனக்கு அழுகை வந்தது. ஸ்பெயினை நினைத்தாலே எனக்கு வேர்க்கும். இந்தச் சாம்பல் கடலும் இந்தக் காற்றும்தான் என்னுடையவை. அதை விட்டுவிடுகிறேன் என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டானே என்று அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

மத்தியானம் கடல் ஏறத் தொடங்கியது. முதல் அலை வந்து என் செருப்பை நனைத்ததும் டோபி கயிற்றைத் தாண்டி ஓடி வந்தான்.

"சார், மேடம், தண்ணி ஏறுது. அந்த மரக்கட்டைக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. அங்க கொஞ்சம் உயரமா இருக்கு."

அந்தப் பக்கம் என்பது கூழாங்கல்லும் சாக்கடைக் குழாயும்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்றான் டோபி. பிறகு எங்கள் ஈரக் கால்களையும் மழைக்கோட்டையும் பார்த்தான். அவன் குரல் இளகிவிட்டது. "இந்த வயசுல எதுக்கு இப்படிக் கஷ்டப்படறீங்க? இப்பல்லாம் வெளிநாட்டுக்கே சல்லிசா போயிட்டு வரலாமே."

நெவில் எழுந்து நின்றான். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் பிளாஸ்க்கை மூடினேன். அவன் குனிந்து பைக்குள் கையை விட்டுச் சுத்தியலை எடுத்தான். சுருட்டி வைத்த தட்டியைப் பிரித்தான். கயிற்றுக்கு முன்னால், அலை வந்து போகிற மணலில் முதல் கழியை நட்டு ஓங்கி அடித்தான்.

"சார், என்ன பண்றீங்க?"

"தட்டி கட்டறேன்."

"தண்ணிக்குள்ளயா?"

"ஆமா கண்ணு. கொஞ்சம் அந்த முனையைப் பிடி."

பாவம், அந்தப் பையன் பழக்கதோஷத்தில் பிடித்தும்விட்டான். நாலு கழியும் இறங்கியதும் நெவில் நாற்காலியில் உட்கார்ந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டான்.

"நாங்க கஷ்டப்படலை," என்றான். குரல் உயரவில்லை. "லீவுல இருக்கோம். மாரியன், டீ இருக்கா?"

இருந்தது. ஊற்றினேன். அடுத்த அலை கணுக்காலைத் தாண்டியது. வடகடல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது. எலும்பு வரைக்கும் போய்க் கிள்ளும். அடுத்தது கெண்டைக்காலுக்கு வந்தது. மானம் போகட்டும், எழுந்து ஓடிவிடலாம் என்று எனக்கே தோன்றியது.

"நெவில், போதும்பா. ஜெயிச்சாச்சு. கிளம்பலாம்."

"இன்னொரு தடவை நகர்ந்தா ஸ்பெயின்னு சொன்னது யாரு?"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நசீமா தன் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஓவர்கோட்டின் நுனி நனைய எங்களை நோக்கி வந்தாள்.

"பக்கத்துல இடம் இருக்கா மாரியன்?"

"அக்கரையில டென்மார்க் வரைக்கும் காலியாத்தான் இருக்கு, வா."

அவள் நாற்காலியை விரித்தாள். பின்னாலேயே அவள் புருஷன் சமோசா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். அப்புறம் மற்றவர்கள். ஒவ்வொரு குடும்பமாக நாற்காலி, வாளி, நாய் எல்லாவற்றோடும் வந்து வரிசையாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்தார்கள். தட்டிகள் எழும்பின. யாரும் கோஷம் போடவில்லை. "கொஞ்சம் குளிருது இல்ல?" "முன்னைக்கு இப்ப பரவாயில்ல." இவ்வளவுதான் பேச்சு. கடல் முழங்கால் வரை ஏறி அங்கேயே நின்றது. சமோசாவும் சாண்ட்விச்சும் கைமாறின.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. கயிற்றுக்கு உள்ளே இருந்தவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்கு ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் அத்தனை சாய்வுக் கட்டிலும் காலி. மெத்தைகள் தண்ணீர் குடித்துக் கிடந்தன. நாங்கள் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டோம். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். நெவிலின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கல்யாணத்தன்றுகூட அவனை எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. அதை அவனிடமே சொன்னேன்.

"உளறாதே. உனக்குக் குளிர் ஜன்னி," என்றான். காது சிவந்துவிட்டது.

டோபி ஒரு வைக்கோல் குடைக்கு அடியில் தனியாக நின்றுகொண்டிருந்தான். பிறகு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றின் ஓரம்வரை வந்தான்.

"சார், மேல எல்லாரும் போயிட்டாங்க. குடைக்குக் கீழ வந்து உக்காருங்க. எல்லாரும் வாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் நல்ல மனசோடுதான் கூப்பிட்டான். எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வரிசை முழுக்க நெவிலைப் பார்த்தது. அவன் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கடலிலேயே அலசினான்.

"ரொம்ப நன்றி கண்ணு. எங்களுக்கு இங்கயே சௌகரியமா இருக்கு," என்றான். "நாளைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும்னு மட்டும் கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?"