மாப்பிள்ளை பேனரில் ஒரு ஓட்டை

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு மாப்பிள்ளை எங்கே இருப்பான்? வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இல்லாவிட்டால் சலூனில் இருப்பான். ராஜ்கமல் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை என்றால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நாளைக்குத் தாலி கட்டப்போகிறவன் என்பதற்காக வியாழக்கிழமை அவனுக்கு வழிவிடுமா என்ன?

ஓராண்டுக்கு ஒழுங்காக இருக்கிறேன் என்று நன்னடத்தைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவன் அவன். ஐந்து மாதம் ஓடிவிட்டது, ஏழு மாதம் பாக்கி. அதற்குள் ஒரு அடிதடி, ஒரு ஆயுதம் என்று பெயர் அடிபட்டால் போதும், அந்த ஏழு மாதத்தையும் உள்ளே போய்க் கழிக்க வேண்டியதுதான்.

கையெழுத்தை முடித்துக்கொண்டு கடலூர் முதுநகர் ஜங்ஷனில் ஒன்றரை மணி பாசஞ்சரைப் பிடித்தான். கல்யாணம் சிதம்பரத்தில். அம்மா மங்கலமும் சொந்தக்காரர்களும் ஐந்து மணிக்கு வேனில் வருவார்கள். அதற்கு முன்னால் மண்டபத்துச் சாவியை வாங்கி வைக்க ஓர் ஆள் வேண்டும். எல்லாரும் புதுத்துணி எடுப்பதில் மும்முரமாக இருந்ததால் அந்த ஆளும் மாப்பிள்ளையே என்று ஆகிப்போனது.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் சொருகியது. ஆலப்பாக்கம் வந்தது, போனது. வெளியே வெயில், வெயிலுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். முன்பெல்லாம் அவன் இப்படித் தூங்கியவன் இல்லை. ஒரு காது எப்போதும் வாசலில் இருக்கும். யார் வண்டி, யார் செருப்புச் சத்தம் என்று பிரித்துச் சொல்லும் காது. இந்த ஐந்து மாதமாகத்தான் அந்தக் காது படுத்த இடத்தில் தூங்கக் கற்றுக்கொண்டிருந்தது. யாரோ காணும் நல்ல கனவுக்குள் தான் தெரியாமல் நுழைந்துவிட்டதாக அவனுக்கு அடிக்கடி தோன்றும். அந்த யாரோ விழித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று பயமாகவும் இருக்கும்.

முதுநகரில் அவன் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையும் ஒரு பேனர் கிழிந்ததில் போய் முடியும். பிறந்தநாளோ கோயில் திருவிழாவோ, பேனரில் ஒருவன் முகம் இருந்து அதை எதிர்த்தெருக்காரன் பிளேடால் கீறிவிட்டால், நடுத்தெருவில் கன்னத்தில் அறைந்த மாதிரி. பதிலுக்கு அறையாமல் விட்டவன் அந்தத் தெருவில் அப்புறம் தலைநிமிர்ந்து டீ குடிக்க முடியாது.

இதற்கு ஒரு வழி பார்க்கலாம் என்று கிளம்பியவள் வினோதினி. மாநகராட்சியில் சமுதாய அமைப்பாளர். மாநகராட்சி அதிகாரியையும் இன்ஸ்பெக்டரையும், துறைமுகத்துப் பக்கம் போட் இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் தேவசகாயத்தையும் அவள் ஒரே மேசையில் உட்கார வைத்த கதையே தனிக்கதை. பத்திரம் எழுதிய பையன்களுக்குப் பட்டறையில் பயிற்சி. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அதுவும் எமகாதக நிபந்தனை. ஒரு இன்ஜினுக்கு இரண்டு பேர், தெருவுக்கு ஒருவர். ராஜ்கமலுக்கு வாய்த்தவன் அருண்குமார். ஐந்து மாதத்தில் இருவரும் பேசியது "பதினாலு நம்பர் ஸ்பேனர் குடு", "புடி", "வுடு" ஆகிய மூன்றுதான். கல்யாணப் பத்திரிகையைக்கூட ராஜ்கமல் அவன் கையில் தரவில்லை. டூல்ஸ் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

புதுச்சத்திரம் தாண்டியதும் போன் அதிர்ந்தது. மண்டபத்து வாசலில் கட்டிய பேனரைக் கூட்டாளி சார்லஸ் படமெடுத்து அனுப்பியிருந்தான். பன்னிரண்டு அடி உயரம். மேலே பிள்ளையார், நடுவில் ராஜ்கமல், பக்கத்தில் மணப்பெண் கனிமொழி, கீழே வரிசையாகக் கூட்டாளிகளின் முகங்கள். அழகாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே விரலால் பெரிதாக்கியவன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பேனர் கடைக்காரன் இரண்டு வருஷத்துக்கு முந்தின பிறந்தநாள் போட்டோவைப் போட்டிருந்தான். கேக்கை எடுத்துவிட்டு ரோஜாமாலையை வைத்திருந்தான். கேக் வெட்டிய கத்தியை எடுக்கவில்லை. மாப்பிள்ளை கையில் இரண்டடி நீளத்துக்குப் பட்டாக்கத்தி பளபளத்தது.

சார்லஸுக்குப் போன் போட்டான்.

"மச்சான், சூப்பரா இருக்குல்ல? குளிச்சிட்டு வரலாம்னு கடலூருக்குத் திரும்பிட்டேன். இப்பதான் வீட்டுக்குள்ள நொழையறேன்."

"கத்திடா!"

"எந்தக் கத்தி?"

"பேனர்ல பாருடா. என் கையில!"

"அட ஆமா மச்சான்," என்றான் சார்லஸ். "நாங்க நாலு பேரு நின்னு கட்டுனோம். ஒருத்தன் கண்ணுலயும் படலியே."

பொய்யில்லை. அந்தத் தெருப் போட்டோக்களில் கத்தியைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குக் கத்தி என்பது கைக்கடிகாரம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. திட்டி என்ன பிரயோஜனம்? சாயங்கால வரவேற்புக்கு இன்ஸ்பெக்டரே வருகிறார். ராஜ்கமல்தான் வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தான். பெண்ணின் அப்பா வைத்திலிங்கம் நாலு மணிக்கு வந்துவிடுவார். அவர் சம்மதித்ததே வினோதினியின் ஒரு வார்த்தைக்காக. "அவன் கையில இனிமே ஆயுதம் இருக்காதுங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்று அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

அந்தக் கத்தியும் சாதாரணக் கத்தியா? பிறந்தநாள் முடிந்த மூன்றாம் வாரம் அருண்குமாரின் இடது உள்ளங்கையைப் பிளந்தது அதுதான். ஆஸ்பத்திரியில் அருண்குமார், கண்ணாடி கிழித்துவிட்டது என்றான். போலீஸிடம் போகக் கூடாது என்பது இரண்டு தெருவும் ஒத்துப்போகும் ஒரே விஷயம். வழக்கு எதுவும் நிற்கவில்லை. அருண்குமாருக்கு இரண்டு விரல் மடங்காமல் போனதுதான் மிச்சம்.

பரங்கிப்பேட்டை கடந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. கீழே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. கனவு காண்கிற ஆள் புரண்டு படுக்கிறான், விழிக்கப்போகிறான் என்று ராஜ்கமலுக்குத் தோன்றியது. எழுந்து போய்ப் படிக்கட்டில் நின்றுகொண்டான். நின்றால் ரயில் வேகமாகப் போய்விடுமா? ஆனாலும் நின்றான்.

சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தான். வெயிலில் கோபுரம் தரையைத் தொடாமல் வீடுகளுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. தெருக்கள் உண்ட மயக்கத்தில் கிடந்தன. மண்டபத் தெருவில் திரும்பியபோது தூரத்திலேயே பேனர் தெரிந்தது. சவுக்குக் கம்பின் குறுக்குச் சட்டத்தில் ஒருவன் ஏறி நின்றிருந்தான். அருண்குமார். கையில் பிளேடு. பேனரின் நடுவில் அதை இழுத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் ராஜ்கமல் யோசித்ததாகச் சொல்ல முடியாது. ஆட்டோ நிற்பதற்குள் குதித்தான். மண்ணில் கிடந்த சவுக்குக் கட்டை ஒன்று கைக்கு வந்தது. ஐந்து மாதம் எங்கே போனது, பத்திரம் எங்கே போனது, கனிமொழி எங்கே போனாள், ஒன்றும் தெரியவில்லை. பேனரைக் கிழிக்கிறான், அது மட்டும்தான் தெரிந்தது. ஓடினான்.

அருண்குமார் திரும்பிப் பார்த்தான். ஓடி வருகிறவனையும் கட்டையையும் பார்த்தான். கீழே குதித்து ஓடியிருக்கலாம், ஓடவில்லை. மறுபடி பேனர் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தான். முதுகு முழுக்க இவனுக்குக் காட்டியபடி நின்றான்.

அந்த முதுகுதான் ராஜ்கமலை நிறுத்தியது. அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. கனிமொழி அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். மாலைக்குக் கீழே மட்டும் நீளமாக ஓர் ஓட்டை. அதற்குள் வானம் நீலமாகத் தெரிந்தது.

"மூஞ்சிய வெட்டல. நல்லாப் பாத்துக்க," என்றான் அருண்குமார், திரும்பாமலே. "கட்டையக் கீழ போட்டுட்டு அந்த ஓரத்தப் புடி. காத்து ஜாஸ்தியா அடிக்குது. எனக்கு ஒத்தக் கைதான் வேல செய்யும்னு தெரியுமில்ல."

ராஜ்கமல் கட்டையைப் போட்டான். ஏறிப் பிடித்துக்கொண்டான். கத்திப் பிடியின் நுனியை அருண்குமார் பொறுமையாக வளைத்து வெட்டி எடுத்தான். மண்டபத்துக்காரரிடம் மாவிலைத் தோரணம் வாங்கி ஓட்டையை மறைத்துக் கட்டினார்கள். சாவியையும் அப்போதே வாங்கியாயிற்று. வேலை முடிந்து இருவரும் படியில் உட்கார்ந்தபோது மணி மூன்றே முக்கால். வெட்டியெடுத்த கத்தி அருண்குமார் மடியில் துவண்டு கிடந்தது.

"சீக்கிரம் வந்துட்டேன். பஸ்ஸுல வந்தேன்," என்றான் அவன். பிறகு, அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி என் கழுத்துக்குத்தானே வீசுன?" என்றான்.

மாதாமாதம் வினோதினியும் தேவசகாயமும் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கை தவறிப் பட்டுவிட்டது என்றுதான் ராஜ்கமல் எப்போதும் சொல்லுவான். கனிமொழியிடமும் அதையேதான் சொன்னான். சொல்லிச் சொல்லி அது அவனுக்கே பாதி நிஜமாகியிருந்தது. இப்போதும் அதைச் சொல்லிவிடலாம், வாய் நுனியில் தயாராக இருந்தது.

"ஆமா," என்றான். "கழுத்துக்குத்தான் வீசுனேன். நீ கையக் குறுக்க வுட்டுட்ட."

"தெரியும்டா. எதுக்க நின்னவன் நானு, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வந்தேன்."

பெண் வீட்டு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. ராஜ்கமலால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, வெட்கமில்லாமல் அழுதான். அருண்குமார் கத்தியைச் சுருட்டிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் வேனுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டான்.