ஆஃப் பண்ணக் கூடாத வண்டி

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடியும் 'டிக்'தான். இந்த மனுஷனோடு இனி ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, பெட்டியோடு வந்து காரில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது இறங்கி உள்ளே போனால் இந்த ஜென்மத்தில் கிளம்ப மாட்டேன்.

ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன். என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்தார். மெக்கானிக். அடுத்தவர் வண்டி என்றால் பறப்பார். எங்கள் வண்டிக்கு மட்டும் எப்போதும் 'நாளைக்குப் பாத்துக்கலாம்'.

"எதையாவது கழட்டி வெச்சுட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. ஹெட்லைட்டப் போடு."

பளிச்சென்று எரிந்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் மக்கர் பண்ணுது. நான் தட்டும்போது சாவியத் திருப்பு."

பானட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு ஸ்பேனரால் தட்டினார். இன்ஜின் உறுமியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிரீஸ் கையோடு ஜன்னலருகே வந்தார்.

"உங்கம்மா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஆஃப் பண்ணிடாத. பண்ணினா மறுபடி தட்டணும். தட்ட நான் இருக்க மாட்டேன்."

தலையாட்டினேன். அப்போதுதான் பெட்ரோல் முள் கண்ணில் பட்டது. சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. இன்ஜினை அணைக்காமல் எந்த பங்க்கிலும் பெட்ரோல் போட மாட்டார்கள்.

அவரும் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த சொட்டுப் பெட்ரோலும் எரிந்துகொண்டிருந்தது.